பீரங்கிக்கு முன்னால் அரிசி

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் பட்டாளத்தைப் பற்றியவை. மற்றவற்றை அடுத்த வாரத்துக்கு வைத்துவிட்டு, நாட்டுப் பாதுகாப்புக் கேள்விகளுக்கு மட்டும் அடி அண்ணாமலையிலிருந்து பதில் எழுதுகிறேன்.

உலகத்திலேயே நான்காவது பலமான ராணுவம் நம்முடையது என்று ஒரு பட்டியல் சொல்கிறதே, நம்பலாமா? (வாசகர், போளூர்)

குளோபல் ஃபயர்பவர் பட்டியலைச் சொல்கிறீர்கள். அது ஆட்களை எண்ணும், டாங்கிகளை எண்ணும், அணுகுண்டை எண்ணாது. அணுகுண்டை ஒதுக்கிவிட்டு இந்தியா, சீனா, பாகிஸ்தான் மூன்றையும் எடைபோட்டால் அந்தக் கணக்கு எதற்கு உதவும்? ஆள்பலத்தில் நாம் பெரியவர்கள்தான். முப்படையிலும் சேர்த்துச் சுமார் 14 லட்சம் பேர். சீனாவுக்கு அடுத்த இடம். ஆனால் விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் விமான அணிகள் 42. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடைகொடுத்த பிறகு மிஞ்சியவை 29. நான்காவது இடத்தை மறந்துவிடுங்கள். குறைகிற 13 அணிகளை நினைவில் வையுங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு காலத்தில் பெரிய போர் நடந்ததாகத் தாத்தா சொல்வார். உண்மையா? (கல்லூரி மாணவர், செங்கம்)

உண்மை. ஒரு போர் அல்ல, மூன்று. எட்டு ஆண்டுகளுக்குள், இன்றைய திருவண்ணாமலை மாவட்ட எல்லைக்குள்ளேயே நடந்தவை.

முதலாவது வந்தவாசி, 1760 ஜனவரி 22. பிரெஞ்சுப் படைக்குத் தளபதி லாலி, ஆங்கிலப் படைக்கு அயர் கூட். லாலி தோற்றார், அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது, இந்தியாவில் பிரெஞ்சு சாம்ராஜ்யக் கனவு அதோடு முடிந்தது. தோல்விக்கு அணிவகுப்பு, பீரங்கி, குதிரைப்படை என்று பல காரணங்கள் சொல்வார்கள். நான் முதலில் வைப்பது வேறு. போருக்கு மூன்று மாதம் முன்னால், 1759 அக்டோபரில், சம்பளப் பாக்கி கேட்டு லாலியின் சொந்தச் சிப்பாய்களே கலகம் செய்தார்கள். சம்பளம் கொடுக்காத தளபதி பாதித் தோல்வியோடுதான் களத்துக்கு வருகிறார்.

இரண்டாவது உங்கள் செங்கம், 1767 செப்டம்பர் 3. மைசூர் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் ஒரு பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஜோசப் ஸ்மித் மறுபக்கம். சண்டையில் ஸ்மித்தின் கைதான் ஓங்கியது. ஆனால் படைக்கு அரிசி இல்லை. ஜெயித்தவர் திருவண்ணாமலையை நோக்கிப் பின்வாங்கினார்! துரத்தியது எதிரி மட்டுமல்ல, பசியும்தான். திருச்சியிலிருந்து கர்னல் வுட் படையோடு வந்து சேர்ந்த பிறகுதான் ஸ்மித்துக்கு மூச்சு வந்தது.

மூன்றாவது அதே மாதக் கடைசியில், திருவண்ணாமலைக்கு அருகே. ஹைதரும் நிஜாமும் பீரங்கிகளை இழந்து பின்வாங்கினார்கள். அந்த நேரத்தில் ஹைதரின் பதின்ம வயது மகன் திப்பு சென்னையின் புறநகர்வரை போய் ஆங்கிலேயரைக் கலங்கடித்துக்கொண்டிருந்தார். தோல்விச் செய்தி கேட்டுத் திரும்பினார். கதை அங்கே முடியவில்லை. ஹைதர் பாடம் கற்றுக்கொண்டார். நேருக்கு நேர் மோதுவதைத் தவிர்த்து, வேகமாக நகரும் குதிரைப்படையோடு 1769-இல் சென்னையின் வாசலிலேயே வந்து நின்று, உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார்.

இவ்வளவிலும் ஒருவர் பெயர்கூடப் பதிவாகாமல் போனவர்கள் இந்த வட்டாரத்து விவசாயிகள். இரண்டு படையும் தின்றது அவர்கள் நெல்லைத்தான். ராணுவ பலத்தைப் பற்றி என்னிடம் யார் கேட்டாலும் இந்த மூன்று சண்டையைத்தான் சொல்வேன். பீரங்கிக்கு முன்னால் அரிசி. வீரத்துக்கு முன்னால் சம்பளம்.

விடிகாலையில் கிரிவலப் பாதையில் ஓடிப் பழகுகிறேன். பட்டாளத்தில் சேர இது போதுமா? (இளைஞர், அடி அண்ணாமலை)

நல்ல பாதையைத்தான் பிடித்திருக்கிறீர்கள், தம்பி. ஆனால் 14 கிலோமீட்டர் சுற்றிவர முடிகிறது என்பதை அங்கே கேட்க மாட்டார்கள். 1.6 கிலோமீட்டர்தான் கேட்பார்கள். அதை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு மதிப்பெண் 60. பிறகு கம்பியைப் பிடித்துத் தொங்கி உடம்பை மேலே இழுப்பது பத்து முறை, அதற்கு 40. ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டுவதும் உண்டு. எனவே தூரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டுங்கள், கைகளையும் கவனியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. முன்பெல்லாம் முதலில் ஓட்டம், பிறகு பரீட்சை. 2023 முதல் அது தலைகீழாகிவிட்டது. கணினியில் எழுதும் பொது நுழைவுத் தேர்வில் தேறினால்தான் மைதானத்துக்கே கூப்பிடுவார்கள். அந்தத் தேர்வை இப்போது தமிழிலும் எழுதலாம். திருவண்ணாமலை மாவட்டம் சென்னை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. ஆள்சேர்ப்பில் எந்த மட்டத்திலும் யாருக்கும் லஞ்சம் தர வேண்டியதில்லை. “நான் உள்ளே பேசி முடித்துத் தருகிறேன்” என்று எவராவது வந்தால், வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

மகனுக்கு அக்னிவீர் வேலை கிடைத்திருக்கிறது. சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா? (ஒரு தாய், கலசபாக்கம்)

இரண்டுக்கும் காரணம் இருக்கிறது, அம்மா. உங்களிடம் பூசி மெழுக மாட்டேன்.

2022 ஜூனில் வந்த திட்டம் இது. நான்கு ஆண்டுச் சேவை. முதல் ஆண்டில் மாதத் தொகுப்பு 30,000 ரூபாய்; கைக்கு வருவது 21,000. மீதி 9,000 சேவை நிதிக்குப் போகும். அதே அளவு தொகையை அரசும் போடும். நான்கு ஆண்டு முடிவில் சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் வரியில்லாமல் கையில் வரும். நூற்றுக்கு 25 பேர்வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்ற 75 பேர் ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லாமல் ஊர் திரும்புவார்கள். அப்போது உங்கள் மகனுக்கு இருபத்திரண்டோ இருபத்தைந்தோ வயதுதான் இருக்கும்.

அரசு சொல்லும் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மலை உச்சிச் சண்டைக்கு இளம் வயது வேண்டும். ஓய்வூதியச் சுமையும் கூடிக்கொண்டே போகிறது. ஆனால் ஒரு டாங்கி ஓட்டுநரையோ சிக்னல்காரரையோ முழுசாக உருவாக்குவதற்கே நான்கு ஆண்டு போய்விடும். உருவானவரை அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு அனுப்புவது நாட்டுக்குத்தான் நஷ்டம். நிரந்தரமாக்கும் பங்கு குறைந்தபட்சம் பாதியாக உயர வேண்டும் என்பது என் முடிவான கருத்து.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. கடமையில் உயிர்விட்ட அக்னிவீரர் குடும்பத்துக்கு 48 லட்சம் காப்பீடும், 44 லட்சம் கருணைத் தொகையும், மிச்சப் பணிக்காலச் சம்பளமும் உண்டு. நல்ல தொகைதான். ஆனால் பக்கத்தில் நின்று அதே குண்டுக்குப் பலியான நிரந்தரச் சிப்பாயின் குடும்பத்துக்குக் கிடைக்கும் மாதாமாத ஓய்வூதியம் இவர் குடும்பத்துக்கு இல்லை. ஒரே பதுங்குகுழியில் இரண்டு விதமான மரணம் இருக்கக் கூடாது. இதை அரசு மாற்றியே ஆக வேண்டும்.

மகனிடம் சொல்லுங்கள்: நான்கு ஆண்டில் ஒரு தொழிற் சான்றிதழும், முடிந்தால் தொலைநிலைப் பட்டமும் கையில் இருக்கட்டும். சேவை நிதியில் கார் வாங்க வேண்டாம்.

தமிழர் யாராவது ராணுவத் தலைமைத் தளபதி ஆகியிருக்கிறார்களா? (வாசகர், செய்யாறு)

ஆகியிருக்கிறார்கள். பி.பி.குமாரமங்கலம், 1966 முதல் 1969 வரை. கே.சுந்தர்ஜி, 1986 முதல் 1988 வரை. பாதுகாப்பு அமைச்சர்களில் கோபாலசாமி ஐயங்கார், சி.சுப்பிரமணியம், ஆர்.வெங்கட்ராமன், நிர்மலா சீதாராமன். ஏவுகணைத் திட்டத்துக்கு 1983-இல் ஒப்புதல் கிடைத்தபோது அமைச்சர் வெங்கட்ராமன், திட்டத் தலைவர் அப்துல் கலாம். அக்னியும் பிருத்வியும் அங்கிருந்து புறப்பட்டவை.

ராணுவத்துக்கு இவ்வளவு கோடி கொட்டுவதற்குப் பதில் நாலு பள்ளிக்கூடம் கட்டலாமே? (ஆசிரியர், ஆரணி)

பள்ளிக்கூடமும் வேண்டும், ஐயா. ஆனால் இதில் வெட்டி அதில் ஒட்டும் கணக்கு ஒரு முறை நம்மைக் கவிழ்த்திருக்கிறது. 1962-இல் வடகிழக்கு எல்லையில் நம் சிப்பாய்கள் பருத்தி உடுப்போடும் பழைய .303 துப்பாக்கியோடும் பனியில் நின்றார்கள். வீரத்தில் குறையில்லை, கம்பளி இல்லை.

2025-26-க்கான பாதுகாப்பு ஒதுக்கீடு சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். நாட்டின் மொத்த உற்பத்தியில் 2 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதில் நூறு ரூபாய்க்கு ஏறக்குறைய 26 ரூபாய்தான் புதுக் கருவிகளுக்கு. கிட்டத்தட்ட 24 ரூபாய் ஓய்வூதியத்துக்கு. ஸ்டாக்ஹோமின் சிப்ரி நிறுவனம் 2024-க்குப் போட்ட கணக்கில் இந்தியா 86 பில்லியன் டாலர், சீனா 314 பில்லியன் டாலர். எனவே செலவைக் குறையுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். சியாச்சின் வீரர்களைப் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. பனிக்கு வேண்டிய காலணிகள் 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை வந்து சேரவில்லை. பழைய காலணிகளையே செப்பனிட்டுப் போட்டுக்கொண்டார்கள் என்கிறது அது. பனிக் கண்ணாடிக்குத் தட்டுப்பாடு. உணவில் கலோரி குறைவு. அந்தப் பதினோரு மாதங்களுக்கு நடுவில்தான், 2016 பிப்ரவரி 3 அன்று, 19,000 அடிக்கும் மேலே பனிச்சரிவில் மதராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள்; ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. அந்தச் சாவுக்குக் காரணம் பனிச்சரிவு, காலணி அல்ல. ஆனால் அப்படிப்பட்ட இடத்தில் நிற்கிறவருக்குக் காலணிக்காகக் காத்திருக்கும் நிலை வரலாமா? நம் மாவட்டத்தின் செய்யாறு சிப்காட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் உலகத்துக்கே காலணி தைக்கிறார்கள். இங்கே உட்கார்ந்து அந்த அறிக்கையை நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

ரஷ்யாவா, அமெரிக்காவா? யாரை நம்பலாம்? (வியாபாரி, திருவண்ணாமலை)

வாங்குங்கள், நம்பாதீர்கள்.

மேலே சொன்ன 1769 உடன்படிக்கையில், ஒருவரை யாராவது தாக்கினால் மற்றவர் உதவிக்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தது. அடுத்த ஓரிரு ஆண்டில் மராத்தியர் ஹைதரைத் தாக்கினார்கள். ஆங்கிலேயர் வரவில்லை. அந்தக் கோபத்தோடு 1780-இல் ஹைதர் மறுபடியும் கணவாய் இறங்கினார். காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஒரு கம்பெனிப் படையே அழிந்தது.

இன்றைய நிலைமை: 2010-14 காலத்தில் நாம் இறக்குமதி செய்த ஆயுதங்களில் 72 சதவீதம் ரஷ்யாவுடையவை. 2020-24-இல் அது 36 சதவீதம். ஒரே கடையில் வாங்குவதை விட்டது நல்லது. ஆனால் இறக்குமதியில் உலகத்தில் இரண்டாம் இடத்தில்தான் இன்னும் இருக்கிறோம். 2018-இல் ஒப்பந்தம் போட்ட எஸ்-400 வான்காப்புக் கருவிகள் ரஷ்யா-உக்ரைன் போரால் தாமதமாயின. 2021-இல் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தோம். அமெரிக்க எஞ்சின் நேரத்துக்கு வராமல் அவையும் தாமதம். காவேரி என்று பெயர் வைத்து நாமே எஞ்சின் செய்யத் தொடங்கியது 1989-இல். தேஜஸைத் தூக்கும் அளவுக்கு அது இன்றுவரை வளரவில்லை. ஆவடியில் டாங்கி செய்கிறோம், திருச்சியில் துப்பாக்கி செய்கிறோம், சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சியை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் போட்டிருக்கிறோம். எல்லாம் சரி. எஞ்சின் நம்முடையதாக ஆகும்வரை விமானம் பாதிதான் நம்முடையது.

முதலில் அணுகுண்டு போட மாட்டோம் என்று சொல்வது கோழைத்தனம் இல்லையா? (வாசகர், தண்டராம்பட்டு)

இல்லை. துணிச்சல் உள்ளவர்தான் அப்படிச் சொல்ல முடியும். 2003 ஜனவரி 4 அன்று வெளியிட்ட கொள்கையை முழுதாகப் படியுங்கள். முதலில் பயன்படுத்த மாட்டோம். நம்மீது பயன்படுத்தினால் எதிரி தாங்க முடியாத அளவுக்குத் திருப்பித் தருவோம். பொத்தான் ராணுவத்தின் கையில் இல்லை, மக்கள் தேர்ந்தெடுத்த தலைமையின் கையில். ரசாயன, உயிரி ஆயுதத்தால் தாக்கினால் அணு ஆயுதத்தால் பதில் சொல்லும் உரிமையையும் அது விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் அடியை வாங்கிய பிறகும் நம் குண்டு பிழைத்திருந்தால்தான் இந்த வாக்குக்கு மதிப்பு. அதற்காகத்தான் கடலுக்கடியில் அரிஹந்த், அரிகாத் நீர்மூழ்கிகள். ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நிலையம் திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில், கட்டபொம்மன் பெயரில் இருக்கிறது. நம்மிடம் 180, பாகிஸ்தானிடம் 170, சீனாவிடம் 600 என்பது 2025 தொடக்கத்துக்குச் சிப்ரி போட்ட மதிப்பீடு. இந்த எண்களை வைத்து யார் பெரியவர் என்று பேசுவதில் அர்த்தமில்லை. ஒன்று விழுந்தாலே ஒரு நகரம் போய்விடும்.

பெண் பிள்ளை அதிகாரியாக என்ன வழி? (மாணவி, வேட்டவலம்)

பட்டப்படிப்பை முடித்துச் சி.டி.எஸ். தேர்வு எழுதுங்கள், அதன் பிறகு ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. நேர்காணல், தேறினால் பயிற்சி பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில். நம் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். பிளஸ் டூ முடித்ததும் போக வேண்டுமானால் தேசியப் பாதுகாப்பு அகாடமி. 2021-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் திறந்துவிட்ட கதவு அது. முதல் அணிப் பெண்கள் 17 பேர் 2025 மே 30-இல் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். கல்லூரியில் என்.சி.சி. இருந்தால் இன்றைக்கே சேருங்கள்.

இலங்கைக்கு அமைதிப்படை அனுப்பியது சரியா? (வாசகர், கீழ்பென்னாத்தூர்)

தவறு. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத ஒரு தரப்பை ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுத்தும் வேலையை ராணுவத்தின் தலையில் வைத்தோம். காக்கப் போன மக்களுக்கு நடுவிலேயே சண்டை போடும் நிலை வந்தது. 1990 மார்ச்சில் திரும்பும்போது சுமார் 1,200 வீரர்களை இழந்திருந்தோம். ஈழத் தமிழர்களும் உயிரையும் வீட்டையும் இழந்தார்கள்; அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் என்ற தமிழர் அங்கே 1987 நவம்பர் 25 அன்று மாண்டு பரம் வீர் சக்ரா பெற்றார். அவர் வீரத்துக்குத் தலைவணங்குகிறேன். அவரை அனுப்பிய முடிவுக்கு வணங்க மாட்டேன். எப்போது திரும்பலாம் என்று சொல்ல முடியாத இடத்துக்குப் படையை அனுப்பக் கூடாது.

ராணுவ நாய்களுக்கும் மரியாதை உண்டா? (பள்ளி மாணவன், சாத்தனூர்)

உண்டு, கண்ணா. 2022 அக்டோபரில் காஷ்மீரின் அனந்த்நாகில் ஜூம் என்ற நாய் குண்டடி பட்டும் விடாமல் பயங்கரவாதிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டு, சிகிச்சையில் இறந்தது. ராணுவம் அதற்கு முறைப்படி அஞ்சலி செலுத்தியது. ஆனால் நம் பக்கத்தில் இது புதிதில்லை. செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளரைக் கடித்த செய்தியும் கல்லில் இருக்கிறது. அப்பாவிடம் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா.

என் வீட்டுக்காரர் ரிட்டயர்டு ஹவில்தார். இறந்து எட்டு மாதமாகிறது. குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. பெயர் பொருந்தவில்லை என்கிறார்கள். யாரைப் பார்ப்பது? (ஒரு வாசகி, கண்ணமங்கலம்)

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், அம்மா. உங்களுக்கு வந்திருப்பது நம் பக்கத்துப் பட்டாளத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் வரும் தொல்லை. கல்யாணத்தின்போது ரெஜிமென்ட்டில் பதிந்த பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. இனிஷியல் முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும். ஓர் எழுத்து கூடியிருக்கும். பட்டாளத்தார் பார்ட் டூ ஆர்டர் என்று சொல்லும் பதிவில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது.

அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. என்னும் ஓய்வூதிய ஆணை, இறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திருவண்ணாமலையில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அவருடைய ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸுக்குக் கடிதம் எழுதவும், ஸ்பர்ஷ் என்ற ஓய்வூதியக் கணினிப் பதிவில் திருத்தம் கேட்கவும் அங்கே உதவுவார்கள். அது அவர்கள் வேலை, தயங்க வேண்டாம். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். தாமதமான மாதங்களுக்கான பாக்கியும் சேர்ந்து வரும். இடைத்தரகருக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஓய்வுபெற்ற படைவீரர் இருந்தால், மனைவி பெயர் அவருடைய பதிவிலும் ஆதாரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அவர் இருக்கும்போதே, இந்த வாரமே, பார்த்துத் திருத்திவிடுங்கள்.